புத்தகமெல்லாம் பூஜையில் இருந்தபோது

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க வேண்டாம். இருபத்தேழு வயதில் ஓய்வு பெறக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை எடுத்திருக்கிறேன். இனிமேல் டியூபுக்குக் காற்றடிக்கிற வேலை. இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தாய் என்று என் தம்பி கேட்கிறான். அவனுக்கும் நான்தான் பாடம் சொல்லிக் கொடுத்தேன், வேறு எப்படிக் கேட்பான்.

நான் பாடம் சொன்ன வீடுகளை ஏற்றுக்கொள்ளப் போகிற நீங்கள் எல்லாரும் படித்துத் தேறியவர்கள். நான் பள்ளி இறுதித் தேர்வில் திரும்பத் திரும்ப விழுந்தவன். இவனை நம்பி எப்படிப் பிள்ளைகளை விட்டார்கள் என்று நீங்கள் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முதல் நாள் பெற்றோரிடம் நானே சொல்லிவிடுவேன்: வழுக்குகிற இடம் எதுவென்று விழுந்தவனுக்குத்தான் தெரியும் என்று. சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். சின்ன வகுப்புகள் மட்டும்தான். பெரிய வகுப்பு என்றால் கும்பிட்டுவிட்டு உங்களைப் போன்றவர்களிடம் தள்ளிவிடுவேன்.

எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் அப்பா நடுவில் புகுந்து தப்பாகச் சொல்லிக் கொடுப்பார் என்பதெல்லாம் நேரில் சொல்லியாயிற்று. எழுதி வைக்கத் தோன்றியது ஒரு வீட்டுக் கதை மட்டும்தான். இந்த வேலை எனக்குப் பிடிபட்டது அந்த வீட்டில்தான். அந்த வீட்டாருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

திருவட்டாற்றில், ஆதிகேசவப் பெருமாள் கோவிலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு நல்லமிளகு வியாபாரி இருந்தார். அவர் மகள் பகவதிக்குப் பன்னிரண்டு வயது. மார்த்தாண்டத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அந்த வருஷம் மழைக்காலத்தில் டைபாய்டு வந்து படுத்தவள், எழுந்து நடக்கும்போது ஓணம் கழிந்துவிட்டது. தலைமுடியெல்லாம் கொட்டி, காதுதான் பெரிதாகத் தெரிந்தது. விட்டுப்போன பாடத்துக்காக என்னை வைத்தார்கள். கண்ணாடியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவளிடம், பாடம் காதில் ஏற இனித் தடையே இல்லை என்று சொன்னேன். சிலேட்டை எடுத்து என்மேல் எறிந்தாள். உடம்பு தேறிவிட்டது என்று அவள் அம்மாவுக்கு அப்போதுதான் நிம்மதி.

அந்த மழையில் காய்ச்சலில் படுத்த பிள்ளைகள் வேறு சிலரும் உண்டு. வகுப்பைத் தவறவிட்டவர்களுக்குக் கணக்கில் ஒரு பரீட்சை வைக்கிறேன், தேறினால் அதே வகுப்பில் தொடரலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் திரும்பப் படிக்கட்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். பூஜை லீவில் அறைகள் காலியாக இருக்கும் என்பதால் விஜயதசமி காலையில் பரீட்சை.

ஆண்பிள்ளைக்கு அது ஒரு வருஷ நஷ்டம், அவ்வளவுதான். பகவதிக்கு அப்படி இல்லை. அவள் அப்பா என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "வாத்தியாரே, தோத்தா பொறவு பள்ளிக்கூடம் இல்ல. சின்னப் பிள்ளேளுக்க கூட போய் இருக்காண்டாம். வீட்டில நிக்கட்டும்." கோபத்தில் சொன்னதில்லை. பெண்பிள்ளை படிப்பு அவருக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் அப்படி ஒரு தடங்கலில்தான் நின்றது. நிற்க ஒரு காரணம் கிடைத்தால் அதுவே போதும்.

பகவதிக்குக் கூட்டலும் பெருக்கலும் தண்ணீர்பட்ட பாடு. கதையாகச் சொல்லிக் கேட்கிற கணக்கு வந்தால்தான் திகைத்துப்போவாள். இத்தனை ஆள், இத்தனை நாள், ஆள் கூடினால் எத்தனை நாள் என்று வருமே, அது. அதைக் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நான் வேதக்காரன், கோவிலுக்கல்ல, சர்ச்சுக்குப் போகிறவன். பள்ளிக்கூடம் விட்ட லீவைத்தான் எண்ணினேன், அந்த வீட்டுப் பஞ்சாங்கத்தை எண்ணவில்லை.

நம் பக்கத்தில் பூஜை வைப்பது எப்படி என்று உங்களில் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அஷ்டமி சாயங்காலம் புத்தகம், சிலேட்டு, பேனா எல்லாவற்றையும் பட்டில் பொதிந்து சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். தசமி காலையில்தான் எடுப்பார்கள். அதுவரை வீட்டில் ஒருவரும் வாசிக்கக்கூடாது, எழுதக்கூடாது. அந்த வருஷம் திதி நீண்டு வந்து, இடையில் முழுசாக இரண்டு நாள் விழுந்தது.

அஷ்டமி சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே விளக்கேற்றியாயிற்று. பகவதியின் கணக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. மேலே துளசி, சந்தனம். அவள் அம்மா என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சாரே, அந்தப் பென்சில்."

"இது எனக்க பென்சிலாக்கும்."

"எழுதுகது தானே?"

என் சட்டைப் பையில் இருந்த பென்சிலும் பூஜைக்குப் போயிற்று. ஒரு வேதக்காரனின் பென்சில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எங்கள் சபையில் நான் இன்றுவரை சொல்லவில்லை.

வியாபாரி கடையடைத்து வந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவருக்கு வெப்ராளமும் பதற்றமும் பிடித்துவிட்டன. பரீட்சை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பூட்டுவார்களா, எடுத்துக் கொடு, பரிகாரம் ஏதாவது பிறகு செய்துகொள்ளலாம் என்றார். அவள் அம்மா குரலை உயர்த்தவில்லை. காய்ச்சலில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது தான் நேர்ந்துகொண்டது இந்தப் பூஜை என்றாள். எடுக்க வேண்டுமென்றால் நீங்களே எடுங்கள், என் கை தொடாது என்றாள். அவர் பூஜை அறை வாசல்வரை போனார். போய் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரு சொல்லட்டு. எடுக்கணுமா வேண்டாமா?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் இது வரும். வீட்டுக்குள் இருக்கிற வழக்கைத் தூக்கி உங்கள் மடியில் போடுவார்கள், பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

எனக்கு முதலில் தோன்றியது குறும்புப் புத்திதான். வீட்டுக்குள்தானே எழுதக்கூடாது, நாளைக்கு என் புத்தகத்தைக் கொண்டுவந்து தோட்டத்தில் கமுகு மரத்தடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் எந்தச் சாமி கேட்கும் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போது பகவதியைப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். தந்திரம் பண்ணித் தேறினால், அடுத்த தடவை அவளுக்கு உடம்பு சுட்டாலும் அந்த அம்மா இந்த நாளைத்தான் நினைப்பாள். புத்தகத்தைத் தொடாமல் தோற்றால், அப்பா ஆயுசுக்கும் அம்மாவைக் குற்றம் சொல்லுவார். இரண்டிலும் அந்தப் பிள்ளைதான் நடுவில்.

"புக்கு அங்கயே இருக்கட்டும்" என்றேன். "பேசுகதுக்குத் தடை உண்டா?"

அவள் அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பேசுகதுக்கு என்ன? நாங்க எல்லாரும் பேசிக்கிட்டு தானே இருக்கோம்."

"வாயாலயா கணக்கு?" என்று வியாபாரி மூக்கால் சிரித்தார். எனக்கும் உள்ளே அதே சந்தேகம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியில் தொடங்கினோம். ஒரு குளத்தைத் தூர்வாரச் சில ஆட்கள், இத்தனை நாள் ஆகும் என்று சொல்லி, ஆளை இரட்டிப்பாக்கினால் நாள் என்ன ஆகும் என்று கேட்டேன். நாளும் இரட்டிப்பாகும் என்றாள். சிலேட்டு இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒரு கோடு போட்டு அடித்து, இப்படி வகுக்கணும் மக்கா என்று எழுதிக் காட்டியிருப்பேன். அதுவரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது அடிக்க ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"ஆளு கூடினா சோறு கூட வேணும்லா சார்? அதுபோல நாளும் கூடும்."

நான் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின பாடத்தில் ஆட்களுக்கு அரிசி போடுகிற கணக்கு இருந்தது. அதை அவள் அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். அவளுக்குப் புத்தி இல்லாமல் இல்லை. இருந்த புத்தியைத் தப்பான கதையில் போட்டிருந்தாள். அவளுடைய விடைகளை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன், அவள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, நம் வீட்டுக் காரியமாகவே கேட்போம் என்று, உன் அம்மா தனியாகத் தொட்டியில் தண்ணீர் நிறைக்கிறாள், மாமியும் கூட வந்தால் சீக்கிரம் முடியுமா, நேரமாகுமா என்றேன்.

"மாமி வந்தா நேரந்தான் சார் ஆவும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நிப்பாங்க."

அடுக்களையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது. நான் மாமியின் வாயைக் கட்டிவிட்டு மறுபடியும் கேட்டேன். பகவதி கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பிறகு மெதுவாக, "அப்போ பாதி நேரம் போரும்" என்றாள். கண்ணைத் திறந்தவள், "அப்போ குளமும் அப்படித்தானா?" என்று அவளே கேட்டாள்.

அந்த இரண்டு நாளும் கிணற்றடி, கமுகுத் தோட்டம், மிளகு உலர்த்துகிற முற்றம் என்று நடந்துகொண்டே பேசினோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கணக்கைக் கேட்டதும் விடைக்குத் தாவக்கூடாது. கணக்குப் போட்டவன் என்ன கேட்கிறான் என்று முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விடை கூடுமா குறையுமா என்று இரண்டாவது. அதற்கப்புறம்தான் எண். தப்பாகப் போனால் அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும், கொஞ்ச நேரத்தில் அவளுக்கே தெரியத் தொடங்கியது. கணக்கைத் திட்டவும் பழகிக்கொண்டாள். அது என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

விஜயதசமி விடியலில் புத்தகங்களை எடுத்தார்கள். பகவதி தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதிக் கும்பிட்டாள். அவள் அம்மா என் பென்சிலைத் திருப்பித் தந்தாள். அதைப் பகவதியிடம் கொடுத்து, இது இப்போது என்னைவிடப் பக்தியானது, வைத்துக்கொள் என்றேன். நானும் வியாபாரியும் அவளும் பஸ்ஸில் மார்த்தாண்டம் போனோம்.

பரீட்சை எழுத ஐந்தாறு பிள்ளைகள். மேற்பார்வைக்கு ஒரு டீச்சர், கையில் பிரம்பு. ஹெட்மாஸ்டர் கணக்குகளைப் போர்டில் எழுதிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நானும் வியாபாரியும் சன்னலுக்கு வெளியே நின்றோம்.

பகவதி முதல் கணக்கைப் பார்த்தாள், கண்ணை மூடினாள், தொடங்கினாள். "என்ன கேக்கான்..." அறை முழுக்கக் கேட்டது. டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பென்சில் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முணுமுணுப்பு. மறுபடியும் தட்டல். இனி வாயைத் திறந்தால் தாளை வாங்கிவிடுவேன் என்றார் டீச்சர். அவர் பங்குக்கு அது நியாயம்தான், பக்கத்தில் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். பகவதி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வலது கை அப்படியே நின்றது.

வாயால் சொல்லிக் கொடுத்தேனே தவிர, வாயை மூடிக்கொண்டு நினைக்க நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கு நாள் இருக்கவில்லை, எனக்குத் தோன்றவும் இல்லை.

"எழுதல்லியே" என்றார் வியாபாரி. அவருக்குக் காரணம் தெரியாது. "தெரியல்ல போல. போகட்டு, வாத்தியாரே. நீங்களும் பாடுபட்டீங்க." அப்போதே அவர் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டார் என்று குரலில் தெரிந்தது.

அதே பள்ளிக்கூடத்தில், அதே சன்னல் வழியாக விரல் காட்டி விடை சொல்லுகிற கலையில் நான் ஒரு காலத்தில் கெட்டிக்காரன். ஒரு விரல் தூக்கினால் போதும். கை சட்டைப் பையிலிருந்து வெளியே வரவும் செய்தது. ஆனால் விரல் காட்டித் தேறினால் அந்த இரண்டு நாளும் எதற்கு? கையைத் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நேரம் ஆகும் முன்னால் மணியடித்துப் பள்ளிக்கூடத்தையே வீட்டுக்கு அனுப்பிய பையன் என்று என்னை அவருக்கு ஞாபகம். அப்படிப்பட்ட ஞாபகத்தின் முன்னால் நின்று ஒரு சலுகை கேட்க வேண்டும். பூஜையையும் புத்தகத்தையும் பற்றிச் சொன்னேன். அவள் யாரோடும் பேசவில்லை, கணக்கோடுதான் பேசுகிறாள், அப்படிப் பழக்கியது நான், அவளை யாருக்கும் கேட்காத இடத்தில் வைத்து எழுத விடுங்கள் என்றேன்.

"நீ சொல்லி நான் நம்பணும்?"

"என்னை நம்பாண்டாம் சார். டீச்சர் பக்கத்தில நிக்கட்டு. அவ வாயில வாறது முழுசும் டீச்சருக்க காதுல விழட்டு. கள்ளம் உண்டுன்னா அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

அவர் மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார். "செரி. ஆனா நீ இந்தக் காம்பவுண்டுக்குள்ள நிக்கப்பிடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போ. உனக்க தலை தெரிஞ்சா பரீட்சை இல்ல."

கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நெசவு வகுப்புக்குத் தறி வைத்திருந்த அறைக்குப் பகவதியைக் கூட்டிப் போனார்கள். மற்ற பிள்ளைகளை ஹெட்மாஸ்டரே வந்து பார்த்துக்கொண்டார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு மரச்சீனிக்கிழங்கு வண்டிக்குப் பின்னால் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் நின்றேன். இப்போது நன்றி சொல்கிறேன். சன்னலுக்குப் பக்கத்தில் என்னை விட்டிருந்தால், பகவதி தடுமாறுகிற ஒரு நிமிஷத்தில் என் விரல் தானாகவே எழுந்திருக்கும். சொல்லிக் கொடுத்தவனால் சும்மா நிற்க முடியாது. உங்களாலும் முடியாது. யாராவது நம்மை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

வெகுநேரம் கழித்து வியாபாரி கையசைத்துக் கூப்பிட்டார். டீச்சர் தாளோடு வெளியே நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஒரு கணக்க பாத்து, ஏலே மக்கா, ஒளிஞ்சா நிக்கிய, வெளிய வான்னு சொல்லுகா. இது எந்த புக்கில உள்ளதாக்கும்?"

நான் தரையைப் பார்த்தேன். தாளைப் பிரித்துக்கொண்டே அவரே சொன்னார், பாதி வழி போன பிறகு "இல்ல, அவன் அத கேக்கல்ல" என்று சொல்லி அவளே அழித்துவிட்டு மறுபடி போட்டாள் என்று. "எத்தனையோ வருஷமா பிள்ளேளுக்க விடைய பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு பிள்ள கணக்கு போடுகத கேட்டது இண்ணைக்குத்தான்." சொல்லிவிட்டுத் தாளை ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோனார்.

பிரம்பைக் கீழே வைத்து, ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் முழு நேரமும் நின்று கேட்ட அந்த டீச்சருக்கும் நான் கடன்பட்டவன். அவர் நினைத்திருந்தால், விதிக்கு மாறு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம்.

ஹெட்மாஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு வந்தார். கடைசிக் கணக்கு செய்யவில்லை, நேரம் போதவில்லை, மற்றதெல்லாம் சரி என்றார். வியாபாரி, அப்போது தோல்வியா என்று கேட்டார். "லீவு முடிஞ்சு பள்ளி தொறக்கப்போ அதே கிளாசுக்கு அனுப்புங்க" என்றார் ஹெட்மாஸ்டர். "பைய பைய வாய மூடிக்கிட்டு நினைக்கப் பழகட்டும். அதுவும் இவன்தான் சொல்லிக் கொடுக்கணும்." இவன் என்றது என்னை. வியாபாரி துண்டை எடுத்து முகம் துடைத்தார். துடைத்த முகத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நீங்கள் போகிற வீடுகளில் புத்தகம் இருக்கும், சிலேட்டு இருக்கும், யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். வாரத்தில் ஒருநாள் நீங்களாகவே அதை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பேச விடுங்கள். நடுவில் நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். என்னையே அதற்குப் பழக்கிக்கொள்ள நாளாயிற்று.

நாங்கள் திருவட்டாற்றுக்குத் திரும்பியபோது பகவதியின் அம்மா வாசலில் நின்றாள். வியாபாரி வாயைத் திறப்பதற்குள் பகவதி அவளை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். முதல் கணக்கிலிருந்து தொடங்கினாள். அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் "பொறவு?" என்று கேட்பது வெளியே இருந்த எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொரு கணக்குக்கும் கேட்டது. எனக்குக் கொடுக்க எடுத்த கருப்பட்டிக் காப்பி அவள் கையிலேயே இருந்தது அடுக்களை வாசல் வழியாகத் தெரிந்தது. வியாபாரி காப்பியைக் கேட்க எழப்போனார், நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கடைசிக் கணக்கு வந்தது. நேரம் இல்லை, செய்யவில்லை என்று பகவதி நிறுத்தினாள்.

"இப்போ நேரம் உண்டே" என்றாள் அவள் அம்மா. "சொல்லு. அவன் என்ன கேட்டான்?"

பகவதி சொல்லத் தொடங்கினாள். நடுவில் ஒருமுறை தப்பி, திரும்பி வந்து, விடையைச் சொன்னாள். அதற்கப்புறம்தான் காப்பி வெளியே வந்தது. ஆறியிருந்தது. நான் முழுசும் குடித்தேன்.